பெட்டியில் கிடக்கும் சான்றிதழுக்கு என்ன மதிப்பு?

புதுமடத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சிறு வயதிலிருந்து கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர். வீட்டுக்குப் பின்னால் பதினெட்டு தென்னையும் கொஞ்சம் கோழியும் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் கூப்பிட்ட பயிற்சிக்கெல்லாம் போயிருக்கிறார்: கடற்பாசி வளர்ப்பு மூன்று நாள், மீன் ஊறுகாய் ஒரு நாள், நாட்டுக்கோழி ஐந்து நாள், காளான் ஒரு நாள். எல்லாவற்றுக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். லேமினேஷன் போட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது எடுத்துக் காட்டினார். அங்கே யாரும் அதைக் கையில் வாங்கவில்லை. இப்போது 25 நாள் பயிற்சி ஒன்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது. போனால் 25 நாள் கூலி போய்விடும். தான் போவதா, பத்தாவது முடித்த மருமகளை அனுப்புவதா, இல்லை இந்தச் சான்றிதழ் எல்லாமே வெறும் காகிதம்தானா என்பது அவர் கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: பாசியைப் பற்றிப் பாடம் நடத்திய தம்பி ஒருநாளும் பாறையில் கால் வைத்தவர் இல்லையாம், ஆனாலும் தனக்குப் பாசி தெரியும் என்று கையெழுத்துப் போட்டது அவர்தானாம்.

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

சான்றிதழ் என்று ஒரே பெயரில் மூன்று வகைக் காகிதம் புழங்குகிறது. அதிகம் கிடைப்பது, 'இந்த நாளில் இந்தப் பயிற்சியில் கலந்துகொண்டார்' என்று சொல்வது. இது வருகைச் சீட்டு. தேர்வும் கிடையாது, யாரும் சோதித்துப் பார்த்ததும் கிடையாது. அவர் வந்தார், உட்கார்ந்தார், மதியம் சாப்பிட்டார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. வங்கி அதைத் திரும்பிப் பார்க்காததில் ஆச்சரியம் இல்லை. பயிற்சி பயனற்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூன்று நாளில் கற்ற ஒரு விஷயம் மூன்று வருடம் சோறு போடலாம். ஆனால் பலன் கையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

அடுத்த வகை, தேர்வு வைத்துக் கொடுப்பது. பாடம் நடத்தியவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர். எந்த வேலையில், எந்த நிலையில், எத்தனை மணி நேரம் என்று அதில் எழுதியிருக்கும். மத்திய அரசு 2013 டிசம்பரில் அறிவித்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் வருபவை இவை. விவசாயம், கால்நடை, மீன்வளம் சார்ந்த வேலைகளுக்கு இந்திய வேளாண் திறன் கவுன்சில் பாடத்தையும் தேர்வையும் வகுத்திருக்கிறது. காளான் வளர்ப்பவர், சிறு கோழிப் பண்ணையாளர், பால் பண்ணையாளர், தேனீ வளர்ப்பவர், கடலில் மீன் பிடித்து முதல்கட்டமாகப் பதப்படுத்துபவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வரையறை உண்டு. 25 நாள், 30 நாள் என்று வேளாண் அறிவியல் நிலையங்களில் நடக்கும் 200 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சிகள் பெரும்பாலும் இந்த வகைதான். வாசகிக்கு வந்திருக்கும் அழைப்பும் அப்படிப்பட்டதாகவே தெரிகிறது.

மூன்றாவது, சட்டப்படி இல்லாமல் முடியாதது. வண்டி ஓட்ட லைசென்ஸ் மாதிரி. அது இருந்தால்தான் அந்த வேலையைச் செய்யலாம், அந்தக் கடையைத் திறக்கலாம். கிராமத்துக்காரர்கள் அதிகம் கவனிக்காதது இந்த வகையைத்தான். உடனே காசாகிற வகையும் இதுதான்.

ஊறுகாயையே எடுத்துக்கொள்வோம். மீன் ஊறுகாய், கருவாடு, தேங்காய் எண்ணெய் என்று எதைப் பாட்டிலில் அடைத்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். அந்தத் துறையின் ஆணையம் 'ஃபாஸ்டாக்' என்ற பயிற்சியை 2017 முதல் நடத்துகிறது (சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் இல்லை, பெயர்தான் குழப்புகிறது). அடிப்படைப் பயிற்சி நான்கு மணி நேரம், அடுத்த நிலை எட்டு மணி நேரம், முடிவில் தேர்வு உண்டு. சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். உணவு தயாரிக்கும் இடத்தில் 25 பேருக்கு ஒருவர் இந்தச் சான்று பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது ஆணையம் வைத்திருக்கும் கணக்கு. பத்துப் பெண்கள் சேர்ந்து ஊறுகாய் போடும் குழுவில் ஒருவர் ஒரு பகல் நேரம் ஒதுக்கினால் போதும். வாசகி ஏற்கெனவே ஒரு நாள் போன ஊறுகாய்ப் பயிற்சி இந்தச் சான்றைத் தரவில்லை. அதே ஒரு நாளில் இதை வாங்கியிருக்க முடியும்.

உலகம் முழுக்க இப்போது 'மைக்ரோ கிரெடென்ஷியல்' என்று பேசுவது இப்படிப்பட்ட குறுகிய காலச் சான்றிதழ்களைத்தான். நுண் சான்றிதழ் என்று சொல்லலாம். மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்க நேரமும் வயதும் இல்லாதவருக்கு, ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் கற்றுத் தேர்வு எழுதி வாங்கும் சான்று. நியூசிலாந்து 2018-லேயே இதைத் தன் கல்வி முறையில் சேர்த்துக்கொண்டது. அங்கே ஒரு நல்ல நிபந்தனை உண்டு: இந்தச் சான்று தேவை என்று வேலை கொடுப்பவர்களோ தொழில் துறையோ ஊராரோ சொல்வதற்கு ஆதாரம் காட்டினால்தான் அனுமதி, ஆண்டுதோறும் மறுபரிசீலனையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் தன் உறுப்பு நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. இந்தியாவில் தொழிற்கல்வி, பயிற்சிக்கான தேசியக் கவுன்சில் இதற்கு விதிமுறை வகுத்திருக்கிறது. ஏழரை மணி நேரத்திலிருந்து முப்பது மணி நேரம் வரையிலான பயிற்சி நுண் சான்றிதழ். 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு 'கிரெடிட்'. இந்தக் கிரெடிட்டுகளை வங்கிக் கணக்கில் சிறுகச் சிறுகப் போடுவதுபோலச் சேர்த்து, பிறகு பெரிய சான்றாக மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

பாசி எடுக்கும் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்க முடியாது. பாம்பன் பக்கத்துப் பெண்கள் மாதத்தில் எல்லா நாளும் கடலில் இறங்குவதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதம் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் அல்லவா. அந்தப் பெண்களை ஒன்றுதிரட்டியதற்காகத்தான் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் 'சீகாலஜி' விருது கிடைத்தது. கடலுக்குப் போகாத நாள்களில் நான்கு நாள், அடுத்த மாதம் நான்கு நாள் என்று 200 மணி நேரத்தை உடைத்து நடத்தினால் யாருக்கும் கூலி போகாது. ஆனால் பயிற்சி நடத்துபவர்களுக்கு 25 நாளும் தொடர்ந்து நடத்தி, ஒரே பில்லாகப் போட்டு, ஒரே போட்டோவாக எடுத்துக் கணக்கு முடிப்பதுதான் வசதி. விதி உடைக்க இடம் கொடுக்கிறது, வழக்கம் கொடுக்கவில்லை. பத்துப் பதினைந்து பெண்கள் குழுவாகப் போய் 'எங்களுக்கு இந்தந்த நாளில் வையுங்கள்' என்று எழுத்தில் கேட்பது நல்லது. ஒருவர் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். பதினைந்து பேர் கேட்டால் ஒரு பேட்ச் நிரம்பிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இப்போது அந்தக் கடைசி வரி. கடலைத் தெரிந்தவருக்குக் கடலைப் பற்றி 25 நாள் பாடம் எதற்கு?

அவருக்கு அது தேவையில்லை. இதற்காகவே 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.பி.எல். என்று கேட்டால் அலுவலகங்களில் புரியும். 2015-ல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் ஒரு பகுதி இது. பள்ளிக்குப் போகாமல், வேலை செய்தே கற்றவரை முழுப் பயிற்சிக்கு உட்கார வைக்காமல், சில மணி நேர அறிமுக வகுப்பு மட்டும் நடத்தி, நேரே செய்து காட்டச் சொல்லி, தேறினால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சான்றிதழைக் கொடுப்பது. கொத்தனார், தையல்காரர், மெக்கானிக் என்று நகரத்தில் நிறைய பேர் இப்படி வாங்கியிருக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி எது, கட்டக்கோரை எது என்று தண்ணீருக்குள்ளேயே கையால் தடவிச் சொல்லும் பெண்ணுக்கு இதைவிட நேரான வழி இல்லை. அழைப்பு விடுத்தவர்களிடம் அவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த வேலைக்கு ஆர்.பி.எல். தேர்வு உண்டா என்பது.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். இயற்கையாக விளைந்த பாசியை எடுப்பது வேறு, மிதவை கட்டி வளர்ப்பது வேறு. முதலாவதில் வாசகியை யாரும் சோதிக்கத் தேவையில்லை. வளர்ப்பதில் அவர் புதியவராக இருக்கலாம். மண்டபம் கடற்கரையில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்தம் மூலம் பரவிய கப்பாபைகஸ் பாசி இந்த ஊர்ப் பாசி இல்லை. 12-க்கு 12 அடி மூங்கில் மிதவையில் சுமார் 60 கிலோ விதைப்பாசியைக் கட்டி, 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் அறுத்தார்கள். பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஒரு கிலோ. கணக்கு நன்றாகத்தான் இருந்தது. 2013, 2014 வாக்கில் கடல் சூடாகி, மிதவை மிதவையாகப் பாசி வெளுத்து அழிந்தது. முதல் போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் பல பயிற்சிகளில் கட்டுவது எப்படி, அறுப்பது எப்படி என்பதே பாடம். வெளுப்பு தெரிந்த அன்றே என்ன செய்வது, விதைப்பாசியை எங்கே காப்பாற்றி வைப்பது, நட்டத்தை யார் ஏற்பது என்பதற்கு நேரம் ஒதுக்குகிறார்களா என்று பாடத்திட்டத்தை வாங்கிப் பார்ப்பது நல்லது. ஒதுக்கியிருந்தால் அந்த 25 நாள் வீண் போகாது. ஒதுக்கவில்லை என்றால் ஏற்கெனவே முடித்த மூன்று நாள் பயிற்சியே போதும். 1947-ல் பிறந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் மண்டபம் முகாமில்தான் இருந்தது. அதன் மண்டல நிலையம் இன்றும் அங்கே இருக்கிறது. பாசி ஆராய்ச்சிக்கென்றே மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையும் மண்டபத்தில் இருக்கிறது. புதுமடத்துக்கு இரண்டுமே பஸ் தூரம்தான்.

கூலிக் கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்தால் 25 நாளுக்கு 10,000 ரூபாய். இதற்கு ஈடாக என்ன வரும்? பயணப்படி, உதவித்தொகை உண்டா, எந்த நாளில் கணக்கில் ஏறும் என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். 'பயிற்சி முடிந்ததும் எல்லாம் வரும்' என்ற வாய்ப்பேச்சை நம்பி ஏமாந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். திறன் கவுன்சில்கள் கணக்கின்றிப் பெருகியதை ஆராய மத்திய அரசே சாரதா பிரசாத் தலைமையில் ஒரு குழு போட்டு, அது அவற்றின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னது. இலக்கை எட்டுவதற்காக ஆள் பிடிக்கும் பயிற்சிக்கும், ஆளுக்காக நடத்தும் பயிற்சிக்கும் வித்தியாசம் தெரிய ஒரே கேள்வி போதும்: போன பேட்ச்சில் முடித்தவர்களில் இரண்டு பேரிடம் பேச முடியுமா? நல்ல நிலையம் உடனே போன் நம்பர் தரும்.

வங்கிக் கடன் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. சான்றிதழைக் காட்டினால் கடன் கிடைக்கும் என்று பயிற்சிக்கு ஆள் சேர்ப்பவர்களே சொல்கிறார்கள். மீன் தொழிலுக்கும் கால்நடைக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கிரெடிட் கார்டுக்குச் சான்றிதழ் தேவையே இல்லை. மாறாக, மானியத்துடன் தொழில் தொடங்க உதவும் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில், மிகச் சிறிய தொகைகளைத் தவிர மற்றவற்றுக்குத் தொழில்முனைவோர் பயிற்சி முடித்தால்தான் மானியம் கணக்கில் நிற்கும். அங்கே சான்றிதழுக்கு வேலை உண்டு. கடன்தான் நோக்கம் என்றால், வங்கிகளே நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் (ஆர்-செட்டி) நல்ல இடம். 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முறை. இப்போது நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கிறது. ராமநாதபுரத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி நடத்துகிறது. பயிற்சியும் சாப்பாடும் இலவசம். முடித்த பிறகு இரண்டு ஆண்டு வரை பின்தொடர்ந்து கேட்பார்கள். கடன் கொடுக்கும் வங்கியின் வீட்டுக்குள்ளேயே பயிற்சி நடப்பதால் அந்தக் காகிதத்தை மேலாளர் கையில் வாங்குவார்.

ஆக, வாசகி போக வேண்டியது ஆர்.பி.எல். தேர்வுக்கு, அது அங்கே இல்லை என்றால், நாள்களைப் பிரித்து நடத்தச் சம்மதித்தால் மட்டும் 25 நாள் பயிற்சிக்கு. மருமகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். பத்தாவது முடித்தவர் என்பதால் அவருக்கு வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகள் தமிழில் இருக்கின்றன. மாதம் ஒரு நாள் நேரடி வகுப்பு, மற்றதை வீட்டில் படிக்கலாம். கைக்குழந்தை உள்ளவருக்கு 25 நாள் தொடர் வகுப்பைவிட அது பொருந்தும். வீட்டில் ஒருவர் பெயரில் ஆறு சான்றிதழ் சேருவதைவிட, இரண்டு பேர் பெயரில் வேறு வேறு வேலைக்கு ஒவ்வொன்று இருப்பது லாபம்.

அந்தப் பதினெட்டு தென்னைக்கும் ஒரு வார்த்தை. உச்சிப்புளி, புதுமடம் பக்கம் தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காமல் நெற்று தானாக விழும் வரை காத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 ஆகஸ்டில் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. ஆறே நாள். இயந்திரத்தின் உதவியால் மரம் ஏறுவது, பறிப்பது, நோய் பார்ப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்து, ஏறும் இயந்திரத்தையும் கையில் கொடுத்து, விபத்துக் காப்பீட்டோடு அனுப்பினார்கள். பெண்களும் கற்றார்கள். குறுகிய காலப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். சான்றிதழை யாரும் கேட்பதில்லை, மரத்தில் ஏறிக் காட்டினால் அடுத்த தோப்புக்காரர் கூப்பிடுகிறார்.

இதே பொருளில் வந்த இன்னும் சில கேள்விகள்.

உரக்கடை வைக்கப் பட்டப்படிப்பு வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்கிறார். வேளாண்மை அல்லது வேதியியல் பட்டமோ, வேளாண் டிப்ளமோவோ இருந்தால் நேரே விண்ணப்பிக்கலாம். இல்லாதவர்கள் வேளாண் பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்தில் 15 நாள் சான்றிதழ்ப் பயிற்சி முடித்தால் உர விற்பனை உரிமத்துக்கு அது ஏற்கப்படும். பூச்சிமருந்துக்கு இது செல்லாது. அதற்கு விதி தனி, பயிற்சியும் தனி. இரண்டையும் ஒரே சான்றிதழில் முடித்துத் தருவதாக யாராவது பணம் கேட்டால் விலகிவிடுவது நல்லது.

டிரோன் ஓட்டும் பயிற்சிச் சான்றிதழ் எங்கே வாங்கினாலும் ஒன்றுதானா என்று இன்னொருவர் கேட்கிறார். இல்லை. 2021 டிரோன் விதிகளின்படி, மருந்து தெளிக்கும் அளவு டிரோனை ஓட்ட, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயின்று வாங்கிய ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பத்தாவது தேர்ச்சியும் 18 வயதும் அடிப்படைத் தகுதி. சான்றிதழ் பத்து ஆண்டுக்குச் செல்லும். மகளிர் குழுக்களுக்கான 'நமோ டிரோன் தீதி' திட்டத்தில் 15 நாள் பயிற்சி: ஐந்து நாள் ஓட்டுவதற்கு, பத்து நாள் விவசாயத் தெளிப்புக்கு. ஊர் மண்டபத்தில் இரண்டு நாள் பறக்கவிட்டுக் காட்டிக் கொடுக்கும் காகிதத்தை வைத்து வயலில் தெளித்தால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

புதுமடத்திலிருந்தே வந்த இன்னொரு கேள்வி: வெல்டிங் தெரிந்த மகன் சவூதிக்குப் போக இருக்கிறார், அனுபவச் சான்று போதுமா? வெல்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக் உள்ளிட்ட சில வேலைகளுக்குச் சவூதி அரசு, விசாவுக்கு முன்பே இந்தியாவில் ஒரு திறன் தேர்வு வைக்கிறது. எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. முதலாளி கொடுத்த அனுபவக் கடிதம் அதற்கு ஈடாகாது. இங்குள்ள சான்றிதழ்களைக் கொண்டுபோவதானால், லேமினேஷன் போடாமல் வைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஒட்டிய காகிதத்தில் அட்டெஸ்டேஷன் முத்திரை நிற்காது. புதிதாக வாங்கும் திறன் சான்றிதழ்களில் கியூ.ஆர். குறி இருக்கிறதா என்று பார்த்து, டிஜிலாக்கரில் ஏற்றி வைத்தால் ஊரிலிருந்து மறுபடி தபாலில் அனுப்பும் வேலை இருக்காது. பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ளபடியே, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்பதைச் சான்றிதழ் கையில் வாங்கும் அன்றே பார்த்துவிட வேண்டும். பிறகு திருத்த அலைவதற்கு ஒரு பயிற்சியின் நாள்கள் போய்விடும்.